அரிசிமணி அளவு தங்கம்

மார்ச் 3, ஞாயிறு

அரிசிமணி அளவு தங்கம். அதைப் பார்த்து என் வயிறு ஏன் இப்படி எரிந்தது?

மத்தியானம் கொழுந்தன் மனைவி ஒரு மாத்திரைக் குப்பியிலிருந்து அதை உள்ளங்கையில் தட்டிக் காட்டினாள். ஊருக்கு வெளியே வறண்ட ஓடையில் அவளுடைய மெட்டல் டிடெக்டர் கண்டுபிடித்தது. கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. "நல்லா இருக்கு" என்றேன். உடனே அவள் கையிலேயே திருப்பித் தட்டிவிட்டேன்.

கருவியைப் பிடித்து நடப்பது அவள். சத்தம் வரும் இடத்தைத் தோண்டுவது என் கணவர். கொழுந்தனுக்கு முதுகுவலி, குனிய முடியாதாம். அதனால் அண்ணனான இவர் ஞாயிறுதோறும் மண்வெட்டி தூக்குகிறார். வீட்டில் தொட்டிச் செடிக்கு மண் கிளறச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர், இன்று தான் தோண்டிய குழியைக் கைகளை விரித்து விவரித்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

மார்ச் 6, புதன்

நானும் ஒன்று வாங்கப் போகிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

வேலை பார்க்கும் ஆய்வகத்தில், தண்ணீர் மாதிரிகள் சூடாகும் நேரத்தில் உட்கார்ந்து இந்தக் கருவிகளைப் பற்றிப் படித்தேன். அவளிடம் இருக்கும் பெரிய ரகம் எந்த மண்ணிலும் ஆழம் வரை கேட்கும். அந்த விலைக்கு நான் பழைய கார் வாங்கிவிடுவேன். அடுத்தது தங்கத்துக்கென்றே செய்தது. திரை கிடையாது, தரைமேல் ஓட்டும் தட்டு சின்னது, பொடித் துகளுக்கும் குரல் கொடுக்கும். கடைசியாக, எல்லாவற்றுக்குமானது. பெரிய தட்டு, வண்ணத் திரை. நாணயம், சாவி, நகை எல்லாம் தேடும். அதுதான் மலிவு. தங்கக் கட்டியும் கிடைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. பெட்டியில் போட்டிருப்பதை நம்புகிறவள் இல்லை நான். சோதித்துத்தான் வாங்குவேன்.

மார்ச் 9, சனி

மீன்பிடி சாமான் கடையின் பின்பக்கம் இவற்றை வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். தங்கம் தேட என்றேன். என் விரலைப் பார்த்தார். "அதான் போட்டிருக்கீங்களே."

மோதிரத்தைக் கழற்றி மணல் வாளியில் புதைத்தேன். மூன்று ரகத்தையும் மேலே ஓட்டினேன். மூன்றும் கத்தின. மலிவானது எல்லாவற்றையும்விடப் பலமாகக் கத்தியது!

ஆக, அவளை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். வீடு வரும் வரை அந்த நினைப்பு சர்க்கரையாக இனித்தது. மலிவானதையே வாங்கிவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

அவர்கள் ஓடையிலிருந்து திரும்பும்போது கூடத்தில் தயாராக நின்றிருந்தேன். மோதிரத்தைக் கால்மிதியின் கீழ் வைத்து ஓட்டிக் காட்டினேன். கத்தியது. கொழுந்தன் கைதட்டினார். என் கணவர், "எப்ப வாங்கினே?" என்றார், முகமெல்லாம் ஆச்சரியம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உன் தங்கத்தையும் வை என்றேன் அவளிடம்.

வைத்தாள். ஓட்டினேன். சத்தமே இல்லை. தட்டு தரையில் உரசும் அளவுக்குத் தாழ்த்தினேன். இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.

"மோதிரம் வளையமா இருக்குல்ல அக்கா, அதுக்கு எந்த மெஷினும் கத்தும். துகளுக்குத்தான் இந்த ரகம் கத்தாது. நானும் முதல்ல இப்படித்தான் ஏமாந்தேன். அப்ப வாங்கினது பரண்ல கிடக்கு."

சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. ஆறுதல் சொல்கிறாள்! அவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

தேட வேண்டியது ஒன்று, சோதித்தது இன்னொன்று. ஆய்வகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்தால் நான் விட்டிருப்பேனா?

மார்ச் 11, திங்கள்

அவ யாரு எனக்கு ஆறுதல் சொல்ல?

மார்ச் 16, சனி

கடைக்காரர் பணம் திருப்பித் தர மாட்டாராம், மாற்றித் தருவாராம். தங்கத்துக்கென்றே செய்ததில் யாரோ பயன்படுத்திய ஒன்று இருந்தது. கைப்பிடியில் கீறல், காதொலிப்பான் பஞ்சு பிய்ந்திருக்கிறது. விலை கையில் இருந்த பணத்துக்குள் அடங்கியது. இந்த முறை தூண்டில் ஈயக் குண்டிலிருந்து அரிசிமணி அளவு சீவித் தரச் சொல்லி, அதை வைத்துச் சோதித்தேன். ஈயமும் தங்கமும் இதன் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டது. மெலிதாக, ஆனால் ஒவ்வொரு முறையும்.

மார்ச் 20, புதன்

கொல்லையில் பயிற்சி. ஈயத் துகளுக்கு வழவழவென்று ஒரே சத்தம். இரும்பு ஆணிக்கு உடைந்து உடைந்து, இருமல் மாதிரி. கண்ணை மூடிக்கொண்டுகூட இப்போது பிரித்துவிடுவேன்.

அவர் வந்து படியில் உட்கார்ந்தார். "முதல் நாளே உன்னையும் கூப்பிட்டேன். அந்த ஓடையில தங்கமே இருக்காதுன்னு பாடம் எடுத்தே."

இருக்காது என்று சொல்லவில்லை, இருக்கும் வாய்ப்பு குறைவு என்றுதான் சொன்னேன் என்றேன்.

எழுந்து போய்விட்டார். எனக்கு ஏன் இந்த வாய்?

மார்ச் 23, சனி

நாளை நானும் போகிறேன். மண்வெட்டி ஒன்றுதான். அவள், "அத்தான், இங்க வாங்க" என்று ராகம் போட்டுக் கூப்பிடுவாள், இவர் ஓடுவார். என் குழியை நானே தோண்டிக்கொள்வேன். சமையலறைக் கரண்டி ஒன்றைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். கூப்பிட மாட்டேன். செத்தாலும் கூப்பிட மாட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

நடந்தது இதுதான்.

அவள் ஓடையின் அந்தக் கரைக்குப் போனாள். நான் இந்தக் கரையில் பாறை ஓரமாகப் போனேன். அவர் நடுவில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வெகு நேரம் கழித்து என் கருவி குரல் கொடுத்தது. உடைந்து உடைந்து, இருமல் மாதிரி.

நான் நின்றதைப் பார்த்து அவரே வந்தார். "தோண்டவா?"

"தோண்டுங்க."

மண் இறுகியிருந்தது. முழங்கால் போட்டு உட்கார்ந்து தோண்டினார். கழுத்தெல்லாம் வியர்வை. பாதியில் அக்கரையிலிருந்து குரல் வந்தது: "அத்தான், இங்க வாங்க, சத்தம் வருது!"

அவர் நிமிரவில்லை. "நீயே தோண்டிக்கம்மா. இங்க வேலை இருக்கு."

அவளே தோண்டினாள். மிளகளவு கிடைத்தது. அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டினாள். நல்லா இருக்கு என்று நானும் கத்தினேன். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் குழியில் துருப்பிடித்த ஆணி. அவர் அதைச் சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டி, "அடுத்தது எங்க?" என்றார்.