பின்பக்கக் கதவு மூடாத நாள்

அண்ணி,

இன்று காலை புதிதாக வந்த மிளகு மூட்டை ஒன்றைப் பிரித்தேன். காரத்துக்கு முன்னால் ஈரமண் வாசனை வந்தது. நீங்களாக இருந்தால், "வெறுந்தரையில காயவச்சிருக்காங்க, திருப்பி அனுப்பு" என்று அதோடு முடித்திருப்பீர்கள். நானோ எழுந்து வெளியே போய் நின்றுவிட்டேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைதான் படித்திருந்தீர்கள். நான் வணிகப் பட்டதாரி. அலுவிகாரையில் நாம் இருவரும் வாசனைச் சரக்குக் கடை தொடங்கியபோது, திட்டம் போடுவது நான், சரக்குப் பார்ப்பது நீங்கள். சீகிரியாப் பக்கத்து ஹோட்டல் ஒன்று ஒரு வருடத்துக்கு மிளகும் கறுவாவும் மொத்தமாகக் கேட்டுக் கடிதம் அனுப்பியது. நான் உடனே ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கடிதம் கொண்டுவந்த த்ரீவீல்காரருக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தீர்கள்.

"ஹோட்டல் குசினியில சமைக்கிற பாதிப் பேர நிப்பாட்டிட்டாங்களாம் தங்கச்சி. கொஞ்சமா குடுத்துப் பார்ப்போம்."

இரண்டு மாதத்தில் அந்த ஹோட்டல் மூடிக் கிடந்தது. அப்போதும் நான் உங்களைப் பாராட்டவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாபாரம் வளர்ந்ததும், மலையடிவாரத்தை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் களஞ்சியம் ஒன்றை எடுத்தேன். இடம் பாதுகாப்பானது என்று பொறியியலாளர் ஒருவர் கையெழுத்திட்ட அறிக்கையும் வைத்திருந்தேன். மழை தொடங்கிய வாரத்தில் நீங்கள் என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனீர்கள்.

"இந்தக் கதவு நேத்து மூடுச்சி. இன்னைக்கி மூட மாட்டேங்குது. செவரு நகருது போல."

"மழைக்குப் பலகை ஊதும் அண்ணி" என்றேன்.

நீங்கள் மலையைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

அதற்கு மூன்றாம் நாளும் மழை விடவே இல்லை. நான் கடையில் இருந்தேன். மதியம் களஞ்சியத்திலிருந்து கூப்பிட்டீர்கள். "பின்னால மலையிலருந்து வர்ற கான்ல ஓடுன தண்ணி திடீர்னு நின்னுபோச்சி தங்கச்சி. இவ்வளவு மழையில எப்படி நிக்கும்? சரக்கு கெடக்கட்டும், எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துறவா?"

சரக்கை ஏற்றப் போன லொறி பாதி வழியில் இருந்தது. அறிக்கை என் மேசைமேல் இருந்தது. "லொறி வரும்வரைக்கும் இருங்க அண்ணி. அங்க ஒன்னும் ஆகாது" என்றேன்.

வேலைக்கு இருந்த ஆறு பெண்களையும் நீங்கள் அனுப்பிவிட்டீர்கள். நான் இருக்கச் சொன்னதற்காக நீங்கள் மட்டும் இருந்தீர்கள். லொறிக்காரர் வளைவு திரும்பியபோது களஞ்சியம் இல்லை, செம்மண்தான் இருந்தது.

இதை யாராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்று விசாரிக்க வந்த அதிகாரிகள் சொன்னார்கள். அண்ணன் அதை நம்புகிறார். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.

ஆனால் அந்த ஆறு பேருக்கும் தெரியும். "தங்கச்சி இருக்கச் சொல்லுது, நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க" என்று சொல்லித்தானே அனுப்பியிருக்கிறீர்கள். அவர்கள் இன்றும் என்னிடம்தான் வேலை செய்கிறார்கள். அண்ணனிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வானம் இருண்டால் மட்டும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

நான் தடுப்பதில்லை. அவர்கள் என் கண்ணுக்கு மறையும்வரை வாசலில் நிற்கிறேன்.