நெடுக்கே ஆடும் அலை

அரியலூர், 3-3-1949

கேட்டது! கேட்டேவிட்டது!

பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த, மின்னலையைக் கிளப்பும் தீப்பொறிச் சுருள் கூடத்தின் ஒரு மூலையில். ஹெட்போனோடு நான் மறு மூலையில். அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் முனைக்கு முனை ஒன்றையொன்று பார்த்து ஒரே கோட்டில். மின்காந்த அலை பக்கவாட்டில்தான் ஆடும் என்கிறது புத்தகம்; அப்படியானால் இந்த நிலையில் எதுவும் கேட்கக் கூடாது. கரகரவென்று கேட்டதே! ஒலியைப் போல, போகும் திசையிலேயே முன்னும் பின்னும் ஆடும் மின் அலையும் உண்டா? கிடையாது என்றல்லவா பெண்களுக்குப் பாடம் நடத்துகிறேன்!

ஸ்டேஷனில் தந்தி வேலை முடிந்து வந்த இவரைச் சட்டை கழற்றவும் விடவில்லை. காதில் மாட்டிவிட்டேன். "கேக்குது கமலா! நல்லாவே கேக்குது!"

5-3

என்னோடு படித்த ராசாங்கம் திருச்சியில் கல்லூரிப் பேராசிரியர். அவருக்கு எழுதிப் போட்டேன்.

12-3

ராசாங்கத்தின் பதில் வந்தது: 26ஆம் தேதி திருச்சி விஞ்ஞானக் கழகத்தில் நான் பேச வேண்டுமாம். நோட்டீஸே அச்சாகிவிட்டது: "புதுவகை மின் அலை — ஸ்ரீமதி கமலவேணி". என் பெயர், அச்சில்!

15-3

கேட்டது, வீட்டுக் கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வேறு பக்கமிருந்து வந்த சாதாரண அலையாக இருந்தால்? ஏன் இதை முதலிலேயே நினைக்கவில்லை நான்? ஐயோ, நோட்டீஸ் வேறு.

"பேசாம இருந்துட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் இவர். எனக்குத் தெரியுமே. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "தகரம் இல்லாத எடமாப் பாத்துப் போவமா?" என்றார்.

20-3, திருமழபாடி

கொள்ளிடம். கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். இரண்டு கம்பியையும் செங்குத்தாக நட்டால் கரகர. ஒன்றையொன்று பார்க்கப் படுக்கவைத்தால் — ஒன்றுமில்லை. மறுபடியும் ஒன்றுமில்லை. என் அலை இல்லவே இல்லை. அழுகை வந்துவிட்டது.

அனுப்பும் கம்பியைத் திரும்ப நட்டார் இவர். "இன்னும் ஒரு தடவ பாரேன்." கையிலிருந்த வாங்கும் கம்பியைச் சும்மா மெல்லச் சாய்த்தேன். சத்தம் தேய்ந்தது, அற்றது, நிமிர்த்தினால் வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எந்தப் பக்கம் ஆடுகிறதென்று என் கை கண்டுபிடிக்கிறது! பொழுது சாய்கிறவரை சாய்த்துச் சாய்த்துக் கேட்டேன். "பஸ் போயிடும்மா" என்று இவர் கத்திக்கொண்டே இருந்தார்.

27-3

நேற்று, "நோட்டீஸில் போட்டது தப்பு" என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். சிரித்தார்கள். மணலில் நடந்ததைச் சொல்லச் சொல்ல, சிரிப்பு அடங்கிவிட்டது.

முடிந்ததும் ராசாங்கம் எழுந்தார். "வெட்டவெளியில இல்லைங்க, சரி. உலோகக் குழாய்க்குள்ள விட்டா? போற திசையிலயும் கொஞ்சம் ஆடும்னு கணக்கு சொல்லுதே. யாராவது செஞ்சு பாக்கலாமே?"

யாராவதா!

இன்று காலை திருச்சிக் கடைத்தெருவில் அகலமான தகரக் குழாய் ஒன்று வாங்கினோம். ரயிலில் அது பாதி பெஞ்சை அடைத்துக்கொண்டது. "எதுக்கும்மா இது?" என்றாள் எதிரே இருந்த அம்மாள். சொல்ல ஆரம்பித்தேன். அரியலூர் வந்தபோதுதான் நிறுத்தினேன்.