காலைச் சாப்பாடு உண்டா என்று கப்பலைக் கேட்டவனுக்கு

மச்சான்,

இன்று காலை கல்முனைச் சந்தைக்குப் பக்கத்துப் போன் கடையில், உடைந்த கண்ணாடியை மாற்றக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் பிள்ளை ஒன்றின் போனிலிருந்து நம்முடைய ஆங்கிலப் பாடக்காரியின் குரல் கேட்டது. “லிசன் அண்ட் ரிப்பீட்” என்றாள் அவள். பிறகு, “குட் மோர்னிங், மே ஐ ஹெல்ப் யூ?” என் வாய் என்னைக் கேட்காமலே அதைத் திருப்பிச் சொல்லிவிட்டது. கடைக்காரன் சிரித்தான், பிள்ளை சிரித்தது, நானும் சிரித்தேன். வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. நீ மௌத்தாகி இந்த உலகத்தை விட்டுப் போன பிறகு அவளுடைய குரலை இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

அவள் யார், எந்த நாட்டுக்காரி என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் நம் படகில் அவளும் ஓர் ஆளாகத்தான் இருந்தாள்.

எல்லாம் தொடங்கியது உன் கோபத்தில்தான். ஆழ்கடலில் வலையை விட்டுவிட்டுக் காத்திருந்த ஒரு நாள், பெரிய சரக்குக் கப்பல் ஒன்று நேரே வலையை நோக்கி வந்தது. நீ ரேடியோவைப் பிடித்துக்கொண்டு தமிழில் கத்தினாய், தெரிந்த சிங்களத்தில் கத்தினாய், கடைசியில் தூஷணத்திலும் கத்தினாய். கப்பல் ஒன்றையும் காதில் வாங்காமல் வலையை அறுத்துக்கொண்டு போனது. மிஞ்சிய வலையை இழுத்துப் போட்டுவிட்டு நீ சொன்னாய், “அவன்ட காது நல்லாத்தான் இரிக்கி மச்சான். நம்மட வாய்தான் சரியில்ல.”

ஆங்கிலம் என்றால் ஓ.எல். பரீட்சையிலேயே நாம் இரண்டு பேரும் கோட்டை விட்டவர்கள். வாரக்கணக்கில் கடலில் கிடப்பவனுக்காக எந்த டியூஷன் வகுப்பும் காத்திருக்காது. அதனால் போனில் தேடினாய். எத்தனையைப் பார்த்தாய்! ஒன்று நாலைந்து பாடத்தை இலவசமாகக் காட்டி ஆசை மூட்டிவிட்டு வங்கி அட்டை கேட்டது. இன்னொன்றில் ஒரு வாத்தியார் ஆங்கிலத்தின் பெருமையைத் தமிழிலேயே பேசி நேரத்தை முடித்தார். விளையாட்டுப் போல ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நாம் கடலுக்குப் போய் வந்தால் ஏன் இத்தனை நாளாக வரவில்லை என்று கோபித்துக்கொண்டு பழையபடி தொடக்கத்தில் கொண்டுபோய் விடும். “இதவிட ஒன்ட தங்கச்சி பரவால்லடா” என்று அதை அழித்துவிட்டாய். என் தங்கச்சியைக் கட்டியவன் என்ற உரிமையில் வந்த பேச்சு அது.

கடைசியில்தான் வெளிநாட்டு வானொலி ஒன்றின் பாடங்கள் கிடைத்தன. ஆறுதலான பேச்சு, ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னாலும் நாம் திருப்பிச் சொல்ல ஓர் இடைவெளி, எல்லாம் இலவசம். எல்லாவற்றையும்விட முக்கியம், கரையிலேயே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் கடலில் சிக்னல் இல்லாமலும் கேட்கலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால், ஐஸ் ஏற்றுகிறோமோ இல்லையோ, நீ போன் கடையில் குந்திக்கொண்டு பாடம் ஏற்றினாய். ஒலுவில் துறைமுகத்தில் அதற்குள் உனக்கு, இங்கிலீஷ் பேசும் வெள்ளைக்காரத் துரை என்ற கணக்கில், ‘தொர’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். கட்டியது நான்தான்.

போனைப் பொலித்தீன் பையில் போட்டுப் படகின் அறை வாசலில் கட்டித் தொங்கவிடுவாய். அவள் ஒரு வசனம் சொல்வாள், நாம் ஐந்து பேரும் வலை இழுத்தபடியே திருப்பிச் சொல்வோம். பாடங்கள் எல்லாம் விமான நிலையம், ஹோட்டல், டாக்குத்தர் என்றுதான் இருந்தன. நம் படகில் மூத்தவர், அண்ணன் முறை வைத்து நாம் எல்லாரும் ‘காக்கா’ என்று கூப்பிடுபவர், அவருக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. “ஹோட்டல்ல ரூம் கேக்கிறதுக்கு நமக்கு என்னத்துக்குடா இங்கிலீசு? நாம போறது கடலுக்கு” என்றார். “கடல் பாடம் ஒண்டும் இலேசானதாக் கெடைக்கல்ல காக்கா. கெடைச்சதப் படிச்சி வைப்பம்” என்றாய்.

பிறகு அந்தப் பயணம் வந்தது. வலையில் வந்த திருக்கையைக் கழற்றும்போது அதன் முள் என் காலில் ஏறியது. அடுத்த நாள் இஞ்சின் நின்றது, நின்றதுதான். கரையோடு பேசும் பெரிய ரேடியோவும் பற்றரி இறங்கிச் செத்துப்போனது. பக்கத்தில் வரும் கப்பல்களோடு பேசும் சின்ன ரேடியோ மட்டும் மிச்சம். நீரோட்டம் எங்கேயோ கொண்டுபோனது. குடிதண்ணீர் அடிமட்டத்துக்கு வந்தது. என் கால் தொடை வரைக்கும் வீங்கி, காய்ச்சலில் நான் உளறத் தொடங்கினேன். காக்கா என் தலைமாட்டில் இருந்து கலிமா சொல்லிக் கொடுத்தது எனக்குக் கேட்டது. மௌத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தேன்.

பின்னேரம்போல ஒரு கப்பல் தெரிந்தது. நீ ரேடியோவை எடுத்தாய். அவர்கள் பக்கமிருந்து வந்த குரல் கடுமையாக இருந்தது. கிட்ட வராதே என்று சொன்னதாம், அதை நீ பிறகுதான் எங்களுக்குச் சொன்னாய். படித்ததெல்லாம் மறந்து, அந்நியன் ஒருவனிடம் பேச்சைத் தொடங்கும் பாடம் ஒன்றே ஒன்றுதான் உன் நாவுக்கு வந்தது.

“குட் ஆஃப்டர்நூன் சேர். வீ ஆர் ஃபைவ் பீப்பிள். வீ ஹேவ் நோ ரிசர்வேஷன்.”

அது ஹோட்டல் பாடம் என்று அந்தக் காய்ச்சலிலும் எனக்கு விளங்கியது. முன்பதிவு செய்யாமல் வந்துவிட்டோம் என்று நடுக்கடலில் ஒரு கப்பலிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்! பாடமாக்கியது ஓடத் தொடங்கினால் நடுவில் நிற்குமா? அடுத்த வசனமும் வந்தது. “இஸ் பிரேக்ஃபாஸ்ட் இன்க்லூடட்?” காலைச் சாப்பாடும் சேர்த்தியா என்று கேட்டுவிட்டாய்.

காக்கா தலையில் கை வைத்தார். பிறகு ரேடியோவின் அந்தப் பக்கத்தில் ஒருவன் சிரித்தான். இன்னொருவனும் சிரித்தான். திரும்பி வந்த குரல் பழைய குரல் இல்லை; ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, என்ன நடந்தது என்று கேட்டது. அதற்குப் பிறகு உனக்கு நிதானம் வந்துவிட்டது. டாக்குத்தர் பாடத்தைத் திறந்தாய். பாடத்தில் மச்சான் இல்லாததால் என்னைத் தம்பியாக்கி, என் தம்பிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், கால் வீங்கியிருக்கிறது, தண்ணீர் வேண்டும் என்றாய். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, ஜிபிஎஸ்ஸில் இருந்த இலக்கங்களைப் போன் நம்பர் சொல்லும் பாடத்தில் போல ஒவ்வொன்றாக வாசித்தாய். கப்பல் மெதுவாகத் திரும்பியது. காக்கா சத்தமாக ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் சொன்னார்.

மேலே ஏற்றி, என் காலைக் கீறிச் சீழ் எடுத்து, ஊசி போட்டுவிட்டு, கப்பல் அதிகாரி ஒருவன் உன்னோடு நெடுநேரம் கதைத்தான். நீ என் பக்கம் திரும்பிச் சிரித்தாய்.

“என்னவாம்?”

“நம்மளக் கொள்ளக்காரன் எண்டு நெனச்சிட்டானுகளாம் மச்சான். காலச்சாப்பாடு இரிக்கா எண்டு கேக்கிறவன் கொள்ளக்காரனா இரிக்க ஏலாதாம். அதாலதான் கிட்ட வந்தானுகளாம்.”

உன்னைப் பார்த்து அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை இன்றைக்கு வரைக்கும் வேறு எவரைப் பார்த்தும் நான் அடையவில்லை. கப்பல்காரர்கள்தான் கரைக்கு அறிவித்தார்கள். படகையும் கட்டி இழுத்து வரப் பண்ணினார்கள்.

வேறு ஆளாக இருந்தால் அந்தப் புகழை வைத்தே காலத்தை ஓட்டியிருப்பான். நீ திரும்பிய வாரமே, கிடைக்காத கடல் பாடத்தை நீயே செய்யத் தொடங்கினாய். முன்பக்கத்தில் வலை கிடக்கிறது, தயவுசெய்து திரும்புங்கள். இஞ்சின் பழுது. தண்ணீர் முடிந்துவிட்டது. ஆளுக்குச் சுகமில்லை. ஒவ்வொன்றையும் முதலில் நம்மட தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் ஆறுதலாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல இடைவெளி விட்டுப் பதிவு செய்தாய். வசனங்கள் சரியா என்று பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வெட்கப்படவில்லை. படகுக்காரர்களின் போன் குழுக்களில் எல்லாம் போட்டாய். ‘தொர’ என்று சிரித்தவர்களே அடுத்த பாடம் எப்ப வரும் என்று கேட்டார்கள். காசு வாங்கினால் என்ன என்று நான் கேட்டதற்கு, “எனக்கு ஆரும் காசு கேட்டாங்களா?” என்று திருப்பிக் கேட்டாய்.

போன நோன்புக்குக் கொஞ்சம் முன்னால், பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து படுத்தவன் எழும்பவில்லை. ஆயுள் முழுக்கக் கடலோடு மல்லுக்கட்டியவனுக்கு வீட்டுப் பாயில் மௌத்து. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தக் கிழமை நடந்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கோமாரியிலிருந்து மீன்பிடிக்காரர் ஒருவர் உன் நம்பருக்குப் போன் எடுத்தார். அந்தப் போன் இப்போது என் கையில். “அண்ணன், கப்பலொண்டு எங்கட வலைக்கு நேர வந்தது. உங்கட பாடத்தில உள்ளதை அப்படியே சொன்னம். திரும்பிட்டான்! வலையும் தப்பிற்று, நாங்களும் தப்பிற்றம். நன்றி சொல்லத்தான் எடுத்தன்” என்றார். நான் அந்த அண்ணன் இல்லை, அவர் காலமாகிவிட்டார் என்றேன்.

தங்கச்சியிடம் போய்ச் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு, முதல்ல இருந்து இன்னொருக்காச் செல்லுங்க என்றாள். சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, ஊருக்கே கேட்கட்டும் என்ற மாதிரித் தலையை நிமிர்த்திக்கொண்டு, கூடப்பிறந்த காக்காவான என்னிடம் சொன்னாள்:

“அப்ப, காக்கா, எங்கட ஆள் இன்னும் தொழிலுக்குப் போய்க்கிட்டுத்தான் இரிக்காரு.”