ஆறு ஸ்க்ரூவும் அம்மாவின் அலமாரியும்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அலமாரிக்குத்தான் சரியில்லை. அம்மாவின் மர அலமாரி இனி வீட்டுக்காரருடைய கட்டடத்தைச் சேர்ந்தது என்று அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி நேற்று மாலை கடிதம் அனுப்பிவிட்டது. நான் இரண்டு முறை படித்தேன், அம்மாவுக்கு ஒரு முறை படித்துக் காட்டினேன், அந்த ஒரு முறையே அதிகம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை காலை படுக்கையறைச் சுவருக்குள் இருக்கும் குழாய் வெடித்துத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. சுவர், குழாய், தரை எல்லாம் வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ், உள்ளே இருக்கும் நம் சாமான்களுக்கு நாம் எடுத்த இன்சூரன்ஸ், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அது வேண்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்து எடுக்க வைத்தாய், நல்லதாகப் போயிற்று. மெத்தை, டேபிள் ஃபேன், என் பழைய குறிப்பேடுகள் என்று எல்லாவற்றையும் நம் கம்பெனி ஆள் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார், அலமாரிக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார். குட்டி ஏறினால் சாய்ந்துவிடும், சுவரோடு சேர்த்து முடுக்குங்கள் என்று போன வருஷம் நீ போனில் சொன்னாய் அல்லவா, நானும் ஆறு ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். சுவரோட முடுக்கிட்டா அது கட்டடம் சார், சாமான் இல்ல என்கிறார்.

வீட்டுக்காரப் பல் டாக்டருக்கு ஒரே சந்தோஷம். கட்டடம் என்றால், அடி ஊறிப்போன இதை அவர் கம்பெனியே கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்து வைக்கும், நாம் காலி செய்தாலும் அது வீட்டோடு நிற்கும். அம்மா முதல் சம்பளத்தில் வாங்கியது. பல்லைப் பிடுங்குறது போதாதுன்னு என் அலமாரியையும் பிடுங்க வந்துட்டீங்களா டாக்டர் என்று கேட்டாள். வலிக்காதும்மா, புதுசு கட்டிடலாம் என்று அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டாள், மற்ற இரண்டும் துருப்பிடித்து வரவில்லை. ஆக, இப்போதைய நிலவரப்படி அலமாரியில் மூன்றில் இரண்டு பங்கு நம்முடையது. நம் கம்பெனி ஆள் மறுபடி வந்து யார் கழற்றியது என்று கேட்டார், இவள்தான் என்று சொல்லிவிட்டேன். நாப்பது வருஷமா ஊரான் சொன்ன பொய்யையெல்லாம் பத்திரிகையில போட்டீங்க, எனக்காக ஒண்ணு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க என்று கேட்டவள், அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் பேசுகிறாள், அதுவும் தட்டை வைக்கும் சத்தத்தில்.

ஒரு வழி இருக்கிறது. வீட்டோடு நிரந்தரமாகச் சேர்ப்பதற்கு அல்ல, குழந்தை மேல் சாயாமல் இருக்கத்தான் முடுக்கினோம் என்று காட்டினால் நம் கம்பெனி அதைச் சாமானாக எடுத்துக்கொண்டு பழுதுபார்க்கப் பணம் தரலாமாம். நான் சொன்னால் போதாது, சொன்னவளே எழுதித் தர வேண்டுமாம். அன்றைக்குப் போனில் சொன்னதைத் தேதியோடு, கூட்டாமல் குறைக்காமல் எழுதி மெயிலில் அனுப்பு. அப்பாவுக்கு ஒரு ஸ்க்ரூகூட ஒழுங்கா முடுக்கத் தெரியாது, ஆள் வெச்சுச் செய்யுங்க என்றும் சொன்னாய், அதையும் விட்டுவிடாதே, நமக்குச் சாதகமாக இருக்கும்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தம். உன் மெயில் புதன்கிழமைக்குள் வரட்டும். வியாழன் பதினொரு மணிக்கு இரண்டு கம்பெனி ஆட்களும் டாக்டரும் வருகிறார்கள், அதுவரை எதுவும் முடிவில்லை. மீதி இரண்டு ஸ்க்ரூவுக்கும் அம்மா எண்ணெய் விட்டிருக்கிறாள். வியாழன் காலைக்குள் இளகிவிடும் என்று அவள் தரப்பில் சொல்லப்படுகிறது, இன்னும் உறுதியாகவில்லை.

இப்படிக்கு,
அப்பா