ஆறாவது குழியில் ஒன்பது அடி

மார்ச் 4

இன்றும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மருத்துவமனைக் கட்டட வரைபடம் ஐந்து மாத உழைப்பு. படிக்கட்டு முதல் ஜன்னல் வரை நான் வரைந்தது. மேலாளர் அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கோல்ஃப் மைதானத்துக்குப் போய், மருத்துவமனை முதலாளியம்மாவிடம் தன்னுடையது என்று காட்டியிருக்கிறார். அலுவலகத்தில் அவருக்கு ‘நான்தான்’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

அடுத்த முறை நானும் வரட்டுமா என்று கேட்டேன். “உனக்கு அங்க என்னம்மா வேலை? பந்து பொறுக்கப் போறியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன் — அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 9

அதே மைதானத்தில் கோல்ஃப் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். ஆசைப்பட்டு இல்லை.

மார்ச் 17

பாடம். பந்தைத் தூக்கி வைக்கும் சிறு ஆணி டீ. அங்கிருந்து நீளும் வெட்டிய புல் ஃபேர்வே. ஓரத்தில் வெட்டாத நீளப் புல் ரஃப். மணல் பள்ளம் பங்கர், விழுந்தால் தொலைந்தோம். குழியைச் சுற்றி வழவழவென்று இருப்பது கிரீன், அங்கே பந்தை உருட்டிவிடும் மட்டை பட்டர். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று உண்டு, அது பார். ஒன்று குறைந்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி. குறைவாக அடித்தவருக்கே வெற்றி.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, “குறைச்சலாவா? உனக்குச் சரிப்படாதே. நீ ஒரு சண்டைய மூணு வருஷம் வச்சிருப்ப” என்றார். உண்மைதானே.

ஏப்ரல் 6

பந்தை மேலாளரின் வழுக்கையாக நினைத்து ஓங்கினேன். மண்தான் பெயர்ந்தது. பயிற்சியாளர் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். “பந்து மேல என்ன கோவம்? மட்டைய வீசுங்க, அது தானாப் போகும்.”

மே 12

போட்டியில் நம் அடிகளை நாமே எழுதக்கூடாதாம்! கூட ஆடுபவர்தான் நம் அட்டையில் எழுதுவார். முடிந்ததும் நாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது. குறைத்து எழுதியதற்குக் கையெழுத்துப் போட்டால் நீக்கம். கூட்டி எழுதியிருந்தால் அந்த எண்ணே நிற்கும்.

அப்படியானால் மேலாளர் அட்டை என் கைக்கு வந்தால்? இரண்டு கூட்டிப் போட்டால்? ச்சீ, என்ன புத்தி இது! ஆனால் அரை மணி நேரம் இதையே யோசித்தேன்.

ஜூன் 2

வருடாந்திரப் போட்டி. பெயர் கொடுத்தேன். சீட்டு குலுக்கியதில் நான், மேலாளர், முதலாளியம்மா மூவரும் ஒரே குழு. மேலாளர் அட்டை என்னிடம்.

ஜூன் 8

நான் மோசமாக ஆடினேன். போகட்டும்.

ஆறாவது குழி. அவர் பந்து பங்கரில் விழுந்தது. ஓர் அடி, மணல் பறந்தது. இன்னொன்று. மூன்று, நான்கு! முகமெல்லாம் மணல். எப்படியோ குழியில் போட்டு முடித்தபோது மொத்தம் ஒன்பது. என் பக்கம் வந்து, “ஆறுன்னு போடும்மா” என்றார் மெதுவாக. தலையை மட்டும் ஆட்டினேன். பதினொன்று என்று எழுதக் கை துடித்தது. எழுதினால் நானும் அவரும் ஒன்றாகிவிடுவோம். ஒன்பது என்று எழுதினேன்.

கடைசியில் அட்டையை நீட்டினேன். சொன்னதைச் செய்திருப்பேன் என்ற நம்பிக்கை, பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

பலகையில் எண்கள் ஏறின. வெற்றியைத் தவறவிட்டிருந்தார், இரண்டே அடியில். எல்லோர் முன்னாலும் கத்தினார்: “ஆறுன்னுதானே போடச் சொன்னேன்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

முதலாளியம்மா, “நானும் எண்ணினேன். ஒன்பதுதான்” என்றார். அப்புறம் நிதானமாகக் கேட்டார்: “சார், அந்த வரைபடம் யாரு போட்டது?”

மேலாளர் குனிந்து காலணியில் ஒட்டிய மணலைத் தட்டத் தொடங்கினார்.

ஜூன் 9

வயிறு குளிர்ந்து கிடக்கிறேன். வெட்கமே இல்லை.

ஜூன் 24

முதலாளியம்மா சொல்லி, திருத்திய வரைபடத்தில் வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயர். இனி இந்தக் கட்டடத்துக்கு நானே பொறுப்பு. மேலாளர் கை கொடுத்தார். “வாழ்த்துகள்மா” என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை.

சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். அடுத்த மாதப் போட்டிக்குச் சீட்டு குலுக்கல் இல்லையாம், ஜோடியை நாமே எழுதிக் கொடுக்கலாமாம். மேலாளர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.