நடுவில் ஒரு படம்

என் முரட்டுத் தம்பி தினாவுக்கு,

நீ இருந்திருந்தால் இதைப் படித்திருக்க மாட்டாய். "இன்னாக்கா, இம்மாம் நீளத்துக்கு எழுதிக்கினு கீற, சட்டுனு சொல்லு" என்றிருப்பாய். சட்டென்று சொல்கிறேன். உன்னைக் கார் ஏற்றிக் கொன்றவன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். பெசன்ட் நகரில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நின்றதைப் பார்த்தேன். அவன் மூஞ்சியை அந்தக் கடைக் கண்ணாடியில் வைத்துத் தேய்க்கக் கை பரபரத்தது.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். தேனாம்பேட்டையில் அதே ஸ்டுடியோ, கார்ட்டூனை இன்னமும் பென்சிலால் வரைகிற அதே பைத்தியங்கள். வேகமான அடிதடிக் காட்சி என்றால் என் மேஜைக்குத்தான் வரும். வீட்டிலேயே பாக்ஸிங் போடுகிற தம்பி இருந்தால் வேறு யாரிடம் போகும்? நீ என் தலையணையைக் குத்துவாய், நான் "மெதுவாடா, மெதுவா" என்று கத்திக்கொண்டே வரைவேன்.

"கையே தெரியல, அப்புறம் இன்னாத்த வரையுற?" என்று ஒருமுறை கேட்டாயே, அதற்குத்தான் இழுவை என்று எங்களிடம் ஒரு வித்தை. ஓங்கிய கை ஒரு படம், இறங்கிய கை ஒரு படம். நடுவில் ஒரே ஒரு படத்தில் கையை ஈரத்துணிபோல இழுத்து, நாலைந்து முஷ்டிகளாகக் கலைத்துவிடுவோம். படம் ஓடும்போது அது யார் கண்ணிலும் தனியாகப் படாது. ஆனால் அது இல்லாவிட்டால் அடி விழுந்த மாதிரியே இருக்காது.

திரும்பிப் போன அன்றே டைரக்டர் ஒரு பிஸ்கட் விளம்பரத்தைக் கொடுத்தார். ரோட்டைக் கடக்கிற பூனையை லாரி அடித்து அப்பளமாக்குகிறது, பூனை எழுந்து பிஸ்கட் தின்கிறது. "பட்டுனு அடிங்க மேடம், சிரிப்பு அள்ளணும்" என்றார். உன் சாவுக்கு வந்து என்னோடு அழுத மனுஷன்தான். பேப்பரை அவர் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். போலீஸ் ஸ்டேஷனில் ரோட்டுக் கேமராப் பதிவைக் காட்டியதிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வி. ஓட்டைக் கேமரா, விட்டுவிட்டுத்தான் பதிகிறது. ஒரு படத்தில் நீ ரோட்டோரம் நிற்கிறாய், அடுத்ததில் கீழே கிடக்கிறாய். "இங்க நிக்கிறான், அங்க கெடக்குறான். நடுவுல எங்கடி போனான் எம் புள்ள?" ஒவ்வொரு கேள்விக்கும் கத்தி பலகையில் இறங்குகிறது. குப்பத்துக்கே கேட்கிறது அந்தச் சத்தம்.

துக்கத்துக்கு வந்தவர்கள், "ஒரு செகண்டுதாம்மா, வலி தெரிஞ்சிருக்காது" என்றார்கள். யாரிடம் சொல்கிறார்கள்? ஒரு செகண்டுக்கு இருபத்துநான்கு படம் வரைந்து விரல் வீங்கியவள் நான். வலிக்க அதில் இடம் தாராளமாக இருக்கிறது, தினா.

"நீ படம் போடறவதானே? அந்த நடுவுல இருக்கிறதப் போட்டுக் காட்டுடி!" என்று அம்மா என் முதுகில் அறைந்தாள். வரைந்தேன். பென்சில் முனை உடைந்துகொண்டே இருந்தது. முதலில் உன்னைக் காற்றில் தூக்கி எறிந்தேன். அதுதான் நடந்தது என்று என் கைக்குத் தெரிந்தது. அந்தப் பேப்பரைக் கசக்கி எறிந்தேன். அப்புறம் புதுப் பேப்பரில் உன் வலது கையைப் பிடித்து இழுத்தேன். அத்தனை முஷ்டியும் அந்தக் காரின் பானெட்டில் இறங்கியது. தகரம் நசுங்கியது, கண்ணாடி தெறித்து உள்ளே இருந்தவன் மூஞ்சியைக் கிழித்தது.

அம்மா அதை ஈரக்கையோடு வாங்கினாள். ஓரத்தில் மீன் ரத்தம் ஒட்டிக்கொண்டது. வெகுநேரம் பார்த்தாள். "ஆமா, சும்மா வுட்டுருப்பானா எம் புள்ள? அதான் வண்டி முன்னால பள்ளம் வுழுந்து கீது" என்றாள். நீ போனதிலிருந்து அன்றைக்குத்தான் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டாள்.

அந்தப் பள்ளம் உன் கை பட்டு விழுந்ததா, தலை பட்டு விழுந்ததா? ஸ்டேஷனில் என்னிடம் மட்டும் சொன்னார்கள். அவளிடம் நான் சொல்லமாட்டேன். நீயும் அவள் கனவில் வந்து உளறிவைக்காதே, கேட்டாயா?

நாளைக்குப் போய் அந்தப் பூனையை வரையப்போகிறேன். யாருக்கும் சிரிப்பு வராது, டைரக்டர் கத்தட்டும். இனி என் பென்சிலில் எந்த அடியும் வலிக்காமல் விழாது. விழுகிறவர் யாராக இருந்தாலும், நடுவில் இருக்கும் அந்த ஒரு படத்தில் திருப்பி அடித்துவிட்டுத்தான் விழுவார். உன்மேல் சத்தியம்.

நீ குத்திக் கிழித்த தலையணையைத் தைக்காமல் வைத்திருக்கும்
உன் அக்கா