வீங்காத கழுத்து

பாப்பாவின் அம்மாவுக்கு,

பொங்கலுக்கு ஏன் சிங்காரப்பேட்டைக்கு வரவில்லை என்று கேட்டிருந்தாய். ஓசூர்ப் பண்ணையை விட்டு நகர முடியவில்லை. காசநோய் மாடுகளை முள்வேலி போட்டுத் தனியாக அடைத்திருக்கிறோம். நானும் இப்போது அந்த வேலிக்குள்தான் படுத்துக்கொள்கிறேன்.

நோயைக் கண்டுபிடிக்க மாட்டின் கழுத்தில் ஊசி போடுவோம். நோய் இருந்தால் அந்த இடம் வீங்கும். செவலைப் பசுவுக்கு வீங்கவில்லை. "நல்ல மாடுங்க ஐயா, கழுத்துல ஒண்ணுமே இல்லீங்க பாருங்க" என்று பால் கறக்கும் திம்மப்பனுக்கு ஒரே சந்தோஷம். நானும் நம்பினேன். நேற்று அது செத்துவிட்டது. அறுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்கக் கட்டி. நோய் முற்றிவிட்டால், எதிர்த்து வீங்கக்கூட உடம்பில் தெம்பு இருக்காது. படித்ததுதான், எனக்குத் தோன்றவில்லை.

என் இருமலைப் பற்றி உன் அப்பா விசாரித்ததாக எழுதியிருந்தாய். மாட்டுக்குப் போடும் மருந்தையே என் கையிலும் குத்திப் பார்த்துவிட்டேன். கொஞ்சமும் வீங்கவில்லை.

அவரிடம் அதை மட்டும் சொல். செவலையைப் பற்றிச் சொல்லாதே. பாப்பாவை இங்கே அழைத்து வராதே.

வேலிக்குள்ளிருந்து,
பாப்பாவின் அப்பா